பெட்ராவின் சிக் பள்ளத்தாக்கு: காலை 6 மணிக்கே நுழையுங்கள்

ஜோர்டானில் பாறையைக் குடைந்து உருவாக்கிய பழங்கால நகரமான பெட்ராவுக்குப் போகிறவர்கள் முந்தின இரவே பக்கத்திலுள்ள வாடி மூசா ஊரில் தங்கி, காலை 6 மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் அம்மானிலிருந்து வந்துசேர மூன்று மணி நேரமாவது ஆகும். அதுவரை, நகருக்குள் போகும் குறுகிய பாறை இடுக்கான, சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள சிக் பள்ளத்தாக்கு பெரும்பாலும் உங்களுக்குத்தான். சில இடங்களில் அகலம் மூன்று மீட்டர்தான், கூட்டம் வந்துவிட்டால் நின்று பார்க்கவே முடியாது. அவசரமில்லாமல் நடந்தால், பாறைச் சுவரோடு கூடவே வரும் வாய்க்காலைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். பெட்ராவை உருவாக்கிய பழங்கால அரபு மக்களான நபத்தேயர்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகச் செதுக்கியது அது. எனக்கு, பள்ளத்தாக்கின் முடிவில் பாறையில் செதுக்கியிருக்கும் புகழ்பெற்ற அல் கஸ்னே முகப்பைவிட இதுதான் பெரிய அதிசயம்.

போகும்போது லேசான இறக்கம், திரும்பும்போது ஏற்றம். அதனால் பாதித் தண்ணீரைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முகப்பில் வெயில் விழும் படம்தான் வேண்டும் என்றால் இது சரிவராது, அதற்கு 9 மணிக்கு மேல் ஆகும். மழை அறிவிப்பு இருந்தால் எந்த நேரத்திலும் போகாதீர்கள். 1963-இல் திடீர் வெள்ளம் இதே பள்ளத்தாக்கில் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளின் உயிரைக் குடித்தது.