எட்டாம் சங்கீதத்திலிருந்து ஓர் ஆராதனைப் பாடல் எழுதுவது எப்படி?

பாட்டு எழுத உட்கார்ந்ததும் கீபோர்டில் நாலு கார்டு பிடிப்பவர்கள்தான் அதிகம். மெட்டு வந்துவிடும், வரி வராது. கடைசியில் எல்லாப் பாட்டிலும் இருக்கிற 'துதி, மகிமை, வல்லமை'யே இதிலும் வந்து உட்காரும். அதனால் கீபோர்டை மூடி வையுங்கள். வேதாகமமும் ஒரு நோட்டும் போதும். செல்போன் செயலி வேண்டாம். அச்சுப் புத்தகத்தில்தான் முழு சங்கீதமும் ஒரே பார்வையில் கண்ணுக்குத் தெரியும்.

படி 1: வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் சங்கீதம் 8-ஐச் சத்தமாக வாசியுங்கள். மொத்தம் 9 வசனங்கள்தான்.

படி 2: திரும்ப வரும் வரியைக் குறியுங்கள். "உம்முடைய நாமம் பூமியெங்கும் எவ்வளவு மேன்மையுள்ளதாயிருக்கிறது!" என்பது முதல் வசனத்திலும் இருக்கிறது, கடைசி வசனத்திலும் இருக்கிறது. உங்கள் பல்லவி அதுதான், வேறெங்கும் தேட வேண்டாம். (பல்லவி, சரணம் என்ற இந்த அமைப்பு தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாடல்கள் வழியாக நம் சபைகளுக்கு நன்றாகப் பழகியது. நான் அதை விடுவதில்லை.)

படி 3: பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வசனத்தை அப்படியே பாடப் பார்ப்பார்கள். 'மேன்மையுள்ளதாயிருக்கிறது' என்பதைத் தாளத்துக்குள் திணித்துப் பாருங்கள், தெரியும். வாசிக்க அழகான உரைநடை அது. பாட்டுக்கு அதை உடைக்கத்தான் வேண்டும். கையில் ஆதி தாளம் போட்டபடி சொல்லிப் பாருங்கள்:

எத்தனை மேன்மை உம் நாமம் – கர்த்தாவே
இத்தரை எங்கும் உம் நாமம்

எத்தனை, மேன்மை உம், நாமம், கர்த்தாவே: நாலு துண்டு, துண்டுக்கு இரண்டு எண்ணிக்கை, எட்டில் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) முடிந்தது. இரண்டாம் வரியில் 'நாமம்' நீண்டு மீதியை நிரப்பும். எத்தனை, இத்தரை என்று எதுகையும் மோனையும் சேர்ந்தே விழுவதால் சபைக்குச் சீக்கிரம் மனப்பாடமாகும்.

படி 4: சரணம். இங்கே அவசரப்படாதீர்கள். இந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீது எப்படிப் பிரமிக்க வைக்கிறார் என்று கவனியுங்கள். 'மகா பெரியவர்' என்று அடுக்கவில்லை. பாலகர், குழந்தைகளின் வாயைக் காட்டுகிறார். அவ்வளவு பெரிய வானத்தை "உமது விரல்களின் கிரியை" என்கிறார். புயம்கூடத் தேவைப்படவில்லை, விரல் போதுமாம்! அப்புறம்தான் மனுஷன் "எம்மாத்திரம்" என்ற கேள்வி வருகிறது. நிலாவையும் நட்சத்திரங்களையும் பார்த்த பிறகு கேட்பதால்தான் அது உறைக்கிறது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்:

விரல் செய்த வானம் கண்டேன் – அங்கே
நிரல் நின்ற மீன்கள் கண்டேன்
எம்மாத்திரம் நான், என்னை நினைக்க?

முடிந்தால் ஓர் இரவு மொட்டை மாடிக்குப் போய் நின்று, இந்த வசனங்களை அங்கேயே சொல்லிப் பாருங்கள். மேசையில் கிடைக்காத வரி அங்கே கிடைக்கும்.

படி 5: நாலாம் வசனத்தோடு நிறுத்திவிட்டால் பாதிப் பாட்டுதான். "மகிமையினாலும் கனத்தினாலும் அவனை முடிசூட்டினீர்" என்ற ஐந்தாம் வசனம் இரண்டாம் சரணத்துக்கு. சிறியவன் என்று உணர்ந்தவனுக்கே கிரீடம் வைக்கிறார் என்னும்போதுதான் வியப்பு ஆராதனையாகிறது.

படி 6: 'நீர்' என்று தொடங்கினால் கடைசி வரை 'நீர்'தான். நடுவில் 'அவர்' என்று மாறினால், தேவனிடம் பேசிக்கொண்டிருந்த சபை சட்டென்று பக்கத்திலிருப்பவரிடம் பேச ஆரம்பித்துவிடும். இந்தச் சங்கீதம் முழுக்க அவரை நோக்கியே பேசுகிறது.

மெட்டை இதற்கப்புறம் போடுங்கள். வாயில் முணுமுணுத்துச் செல்போனில் பதிவு செய்தால் போதும். ரெடிமேட் ரிதம் லூப் வரிகளைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு எழுதிய சிலர், 'வீட்டில் நன்றாக இருந்தது, சபையில் உச்ச இடத்தில் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள்' என்றார்கள். பல்லவியை ஒரு ஸ்தாயிக்குள் (ஒரு 'ச'விலிருந்து மேல் 'ச' வரை) அடக்குங்கள். உச்ச சுரம் வேண்டுமென்றால் 'எம்மாத்திரம்' என்ற இடத்தில் மட்டும், அதுவும் பாடகர் குழுவுக்கு. அப்போதும் எட்டவில்லையென்றால் சுருதியை ஒரு கட்டை இறக்கிப் பாருங்கள்.