வெயில் சதமா, இல்லையா? செல்சியஸ் – ஃபாரன்ஹீட் கணக்கு

வானிலை ஆய்வு மையம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சொல்லும் வெப்பநிலை செல்சியஸில் இருக்கும். மறுநாள் பேப்பரில் அதுவே ஃபாரன்ஹீட்டாகி, 'வெயில் சதமடித்தது' என்று வரும். 40 எங்கே, 104 எங்கே! ஆனால் இரண்டும் ஒரே வெயில்தான்.

தண்ணீர் உறைவது செல்சியஸில் 0, ஃபாரன்ஹீட்டில் 32. கொதிப்பது 100, 212. (இது கடல் மட்டத்துக் கணக்கு. மலையில் இருப்பவர்களுக்குக் கொதிநிலை குறையும், நமக்கு அந்தக் கவலை இல்லை.) உறைவதற்கும் கொதிப்பதற்கும் இடையே உள்ள தூரத்தைச் செல்சியஸ் 100 கூறு போடுகிறது, ஃபாரன்ஹீட் 180 கூறு போடுகிறது. ஆக ஒரு செல்சியஸ் டிகிரிக்கு 1.8 ஃபாரன்ஹீட் டிகிரி, அதாவது 9/5. அளவுகோலின் கட்டமும் வேறு, தொடங்கும் இடமும் வேறு. கணக்கில் வரும் 9, 5, 32 எல்லாம் இதிலிருந்துதான்.

செல்சியஸிலிருந்து ஃபாரன்ஹீட்:
1. 9-ஆல் பெருக்குங்கள். 40 × 9 = 360.
2. 5-ஆல் வகுங்கள். 72.
3. 32 கூட்டுங்கள். 104.

திரும்பி வரும்போது வரிசை தலைகீழாகும். கடலூர் பஸ்ஸில் கடைசியாக ஏறிப் படிக்கட்டில் நிற்பவர்தான் முதலில் இறங்குவார், 32-ம் அப்படித்தான்.
1. 32-ஐக் கழியுங்கள். 104 − 32 = 72.
2. 5-ஆல் பெருக்குங்கள். 360.
3. 9-ஆல் வகுங்கள். 40.

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். மளிகைக் கடை கால்குலேட்டரில் 104 − 32 × 5 ÷ 9 என்று வரிசையாகத் தட்டினால் 40 வரும். அதையே செல்போன் கால்குலேட்டரில் தட்டினால் 86.22! கடைக் கால்குலேட்டர் தட்டத் தட்டக் கணக்கை முடித்துக்கொண்டே போகும். செல்போனோ பெருக்கலையும் வகுத்தலையும் முதலில் செய்துவிட்டு, அந்த 17.78-ஐ 104-லிருந்து கழிக்கிறது. செல்போனில் போடுவதாக இருந்தால் 104 − 32-ஐ அடைப்புக்குறிக்குள் போடுங்கள். இல்லையென்றால் கழித்ததும் ஒருமுறை சமக்குறியைத் தட்டிவிட்டு மேலே போங்கள்.

மனக்கணக்குக்கு 'இரண்டு மடங்கு, கூட்டு 30' என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். 10 டிகிரிக்கு அது கச்சிதம். 37-க்குப் போட்டால் 104 வரும், நன்றாக இருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். இதைவிட நல்ல வழி உண்டு: இரண்டு மடங்காக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32 கூட்டுங்கள். 37-க்கு 74, அதில் 7.4 போக 66.6, கூட்டினால் 98.6. இது தோராயம் இல்லை, துல்லியமான விடை. திரும்பி வர, 32-ஐக் கழித்துப் பாதியாக்கி, அந்தப் பாதியின் ஒன்பதில் ஒரு பங்கைச் சேருங்கள். 104-க்கு 72, பாதி 36, அதோடு 4, ஆக 40.

புதிதாக வாங்கிய தெர்மாமீட்டர் 36.9 காட்டுகிறதே, கெட்டுப்போனதா என்றால், இல்லை. செல்சியஸில் இருக்கிறது, அவ்வளவுதான். பாட்டிக்குத் தெரிந்த 98.4 அதுதான். 38 காட்டினால் 100.4, அது காய்ச்சல்.

முழு எண்ணாக்குவதைக் கடைசிக்கு வையுங்கள். ஒருநாள் வெயில் 37.7 செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். மாற்றினால் 99.86, சதம் இல்லை. 38 என்று முதலிலேயே முழுதாக்கிவிட்டு மாற்றினால் 100.4, இல்லாத சதம் வந்துவிடும். 37.8-க்குத்தான் 100.04. ஒரு புள்ளியில் தலைப்புச் செய்தியே மாறுகிறது.

கேக் செய்பவர்களுக்கு இந்தக் கறார் தேவையில்லை. அமெரிக்கச் செய்முறையில் 350 என்று இருந்தால் 176.7, ஓவனை 180-ல் வையுங்கள். 400 என்றால் 204, அதற்கு 200 போதும். நம் ஊர் ஓடிஜி ஓவன்களின் குமிழ் பெரும்பாலும் 250-லேயே நின்றுவிடும். செய்முறையில் 350 இருந்து, உங்கள் ஓவனில் அந்த எண்ணே இல்லையென்றால் அது ஃபாரன்ஹீட் என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு பொறி, செய்தி எழுதுபவர்களுக்கே வைத்தது. 'இயல்பை விட 3 டிகிரி செல்சியஸ் அதிகம்' என்ற வரியில் உள்ள 3-ஐ இணைய மாற்றியில் போட்டால் 37.4 என்று வரும். புதுச்சேரியில் வெயில் ஒரே நாளில் அவ்வளவு கூடினால் ஊரே வெந்துபோயிருக்கும். இங்கே 3 என்பது வெப்பநிலை இல்லை, இரண்டு வெப்பநிலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. கழிக்கும்போது இரண்டு பக்கத்து 32-ம் அடிபட்டுப் போய்விடும். அதிகம், குறைவு, வித்தியாசம் என்று வந்தால் 32-ஐத் தொடாமல் 1.8-ஆல் மட்டும் பெருக்குங்கள். விடை 5.4.