நிற்கிற ஆம்புலன்ஸில் ஒரு வகுப்பு: ரெஜிஸ்ட்ரார்களுக்குக் குழந்தை டிரான்ஸ்பர் பழக்குவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் லேடிஸ்மித்திலிருந்து டர்பனுக்கு என்3 நெடுஞ்சாலையில் சுமார் 240 கிலோமீட்டர். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையோடு முதல்தடவை அந்தத் தூரம் வருகிற ரெஜிஸ்ட்ரார் (சிறப்பு மருத்துவப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்), ஐசியூவில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வண்டிக்குள் திணறிப்போவார். இந்தப் பயிற்சியை முதன்முதலாக நடத்தப்போகிறவர்களுக்கு, நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன்.

1. போன். இருவரை முதுகோடு முதுகாக உட்கார வையுங்கள். ஒருவர் கிராமத்து மெடிக்கல் ஆபீசர், மற்றவர் குழந்தையை ஏற்கிற டாக்டர். "பெட் இல்லை" என்று பேச்சைத் தொடங்கினால் ஆட்டம் அவுட். வண்டி வந்து சேரும்வரை அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதுதான் முதல் பேச்சு.

2. பிளாஸ்டரில் கணக்கு. நாலு வயதுக் குழந்தை, எடை தெரியாது. வயதோடு நாலைக் கூட்டி இரண்டால் பெருக்கினால் 16 கிலோ. கஃப் (காற்று கசியாமல் தடுக்கும் சிறு பலூன்) வைத்த மூச்சு ட்யூப் 4.5 மில்லிமீட்டர், உதட்டருகே 14 சென்டிமீட்டர் குறியில் நிற்க வேண்டும். இதயம் நின்றால் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் கரைத்த அட்ரினலின் 1.6 மில்லி. இவற்றைப் புறப்படுவதற்கு முன்பே ஸ்ட்ரெச்சர் கம்பியில் ஒட்டிய பிளாஸ்டரில் எழுத வேண்டும். ஓடுகிற வண்டியில் பெருக்கல் வராது, எனக்கும் வராது.

3. ஆக்சிஜன். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வென்டிலேட்டர் நிமிடத்துக்கு 8 லிட்டர் இழுக்கிறது, பயணம் 3 மணி நேரம் என்றால் 1,440 லிட்டர். அதை இரட்டிப்பாக்கினால் 2,880. ஏன் இரட்டிப்பு? வழியில் டவுன் ஹில் என்ற சரிவில் ஒரு லாரி குறுக்கே விழுந்தால் போதும், சாலை அப்படியே நின்றுவிடும். 5 லிட்டர் சிலிண்டரில் கேஜ் 150 பார் அழுத்தம் காட்டினால், இரண்டையும் பெருக்க, உள்ளே இருப்பது 750 லிட்டர். ஆக, நாலு சிலிண்டர். நான் ரெஜிஸ்ட்ராராக இருந்தபோது "ஃபுல்தான் டாக்டர்" என்ற பேச்சை நம்பி ஏறி, வழியில் முள் சிவப்பைத் தொட்டதைப் பார்த்தவன். அதனால்தான் என் மாணவர்கள் கேஜை விரலால் தொட்டு, எண்ணை உரக்கப் படித்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

4. வண்டிக்குள். நிறுத்திவைத்த ஆம்புலன்ஸே போதும். எஞ்சினை ஓடவிட்டு, சைரன் சத்தத்தை செல்போனில் அலறவிடுங்கள். ஸ்டெதாஸ்கோப் அங்கே வெறும் கழுத்தணி என்பது அரை நிமிடத்தில் புரிந்துவிடும். நெஞ்சு எழுவதையும் கேப்னோகிராஃப் (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) அலையையும் பார்க்கப் பழகுவார்கள். பயிற்சிப் பொம்மையின் ட்யூபை நன்றாக ஒட்டியபின், யாருக்கும் தெரியாமல் ஆக்சிஜன் குழாயைக் கழற்றிவிட்டு, மானிட்டரில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பெரும்பாலோர் மானிட்டரைத்தான் தட்டுவார்கள். கை முதலில் போக வேண்டிய இடம் அம்பு பேக், அதாவது கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை. வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜன் வருகிறதா என்று பார்த்துக் கையால் மூச்சுக் கொடுத்தபடியே தேடட்டும்: ட்யூப் நகர்ந்ததா, சளி அடைத்ததா, நெஞ்சுக்குள் காற்று கசிந்ததா, கருவியில் கோளாறா? வேறு வேறு கோளாறாக மாற்றி மூன்று முறையாவது செய்யுங்கள்.

சீட் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு எழுகிறவரை அங்கேயே இறக்கிவிடுவேன். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

5. அம்மா. புறப்படுமுன் இரண்டு நிமிடம். எங்கே போகிறோம், எந்த வார்டு, யாரைக் கூப்பிடுவது என்று இசிசுலுவில் (சுலு மொழியில்) சொல்லிப் பழகட்டும். வார்டு சிஸ்டர்களே நல்ல வாத்தியார்கள்.

6. ஒப்படைப்பு. குழந்தையைக் கட்டிலுக்கு மாற்றுமுன் ஒரு நிமிடம் ஒருவர் மட்டும் பேச, மற்றவர்கள் கேட்க வேண்டும். நடுவில் நிலைமை மோசமானால் பேச்சை நிறுத்திவிட்டுக் குழந்தையைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் சிலிண்டரை மூடிவிட்டுக் கேஜை இன்னொரு முறை படிக்கச் சொல்லுங்கள். போன தடவை நாங்கள் அதைச் செய்யாமல் டீ குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது முள் பூஜ்யத்தில் நின்றது.