இறுகிப்போன ஆயில் ஃபில்டரைக் கழற்ற உப்புத்தாள் போதும்

காரில் ஆயில் ஃபில்டர் கைக்கு அசையவில்லையா? 80 நம்பர் உப்புத்தாளைச் சொரசொரப்பான பக்கம் உள்ளே இருக்கும்படி ஃபில்டரைச் சுற்றி வைத்து, இறுக்கிப் பிடித்துத் திருப்புங்கள். கீழிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. பிடியை இன்ஜினை ஒட்டிய பக்கமாக வையுங்கள். அங்கேதான் தகடு உறுதி, நுனிப் பக்கம் பிடித்தால் நசுங்கிவிடும்.

பெரும்பாலும் ஃபில்டரைப் பிடித்துவைத்திருப்பது மரை இல்லை, ரப்பர் வளையம்தான். சூட்டில் காய்ந்து இன்ஜினோடு ஒட்டிக்கொள்கிறது. அதை விடுவிக்க நமக்குப் பலம் இருந்தாலும் எண்ணெய்ப் பிசுக்கில் கை வழுக்கிவிடும். உப்புத்தாள் அந்த வழுக்கலைத் தடுக்கிறது. ஃபில்டரை முதலில் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஆயிலை வடிக்கும் முன் இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால் ரப்பரும் கொஞ்சம் இளகும். சைலன்சர் குழாய் பக்கத்தில் இருந்தால் மட்டும் கை ஜாக்கிரதை.

தகரக் குடுவை போல் வெளியே தெரியும் ஃபில்டருக்கு மட்டும்தான் இது. பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் இருக்கும் வண்டிகளுக்கு அதற்கான சாக்கெட்தான் வேண்டும். பல பைக்குகளில் போல்ட் போட்ட மூடிக்குள் இருக்கும், அங்கேயும் இது உதவாது. தகரம் ஏற்கெனவே நசுங்கியிருந்தால் ஃபில்டர் ரெஞ்சுக்குப் போய்விடுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்ப வேண்டாம், தகரம் கிழிந்து பிடிக்கவே இடம் இல்லாமல் போகும்.

அப்புறம், பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால் ஆயில் கொட்டும். புது வளையத்தில் துளி ஆயில் தடவி, அது இன்ஜினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று இறுக்குங்கள். அடுத்த முறை கழற்றுவது சுலபமாக இருக்கும்.