பாட்டை எந்த டிஸ்ட்ரிப்யூட்டரிடம் கொடுப்பது?

திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்துகிறேன். மாஸ்டரிங் முடிந்து வேவ் ஃபைல் கைக்கு வந்ததும் தம்பிமார்கள் கேட்பது, "அண்ணே, ஸ்பாட்டிஃபைல எப்படி ஏத்துறது?" நேரடியாக ஏற்ற முடியாது, பாட்டை வாங்கி ஸ்ட்ரீமிங் ஆப்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிப்யூட்டர் ஒருவர் நடுவில் வேண்டும் என்றதும், "எதுண்ணே சீப்?" என்பார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். பணம் கட்டுவதை நிறுத்தினால் பாட்டு என்ன ஆகும்? அதை முதலில் பாருங்கள்.

டிஸ்ட்ரோகிட் என்ற சேவைக்கு வருடச் சந்தா. எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம், ஸ்ட்ரீமிங் வருமானத்தில் பங்கு கேட்பதில்லை. ஆனால் சந்தா நின்றால் பாட்டு இறங்கிவிடும். இறங்காமல் இருக்க ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். சிடி பேபியில் ஒரு வெளியீட்டுக்கு ஒரே முறைதான் கட்டணம், ஆனால் வருமானத்தில் 9 சதவீதம் அவர்களுக்கு. ரூட்நோட்டில் இலவசமாகவும் ஏற்றலாம்; அதற்கு 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள்.

மாதம் ஒரு சிங்கிள் விடுகிற ராப் பையனுக்குச் சந்தா சரி. ஆனால் என்னிடம் கும்மிப் பாட்டு பாடிப் பதிவு செய்த ஒரு அம்மாவுக்கு அது ஒரே ஆல்பம். வருடா வருடம் கார்டைத் தேய்க்க அவருக்கு யாரும் இல்லை. அவர் பாட்டு அவர் காலத்துக்குப் பிறகும் கேட்க வேண்டும் என்பதால் கமிஷன் வழியைத்தான் சொன்னேன். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 முறையாவது ஓடினால்தான் காசு. அதனால் போட்ட சந்தா திரும்பி வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

அடுத்தது பெயர்க் குழப்பம். கார்த்திக், ராஜா என்று பெயர் வைத்துக்கொண்டால் பாட்டு வேறொருவர் பக்கத்தில் போய் உட்காரும். ஏற்றும்போதே உங்கள் ஆர்ட்டிஸ்ட் பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறதா, தவறினால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். பணம் கட்டும் முன்பே சப்போர்ட்டுக்கு ஒரு மெயில் தட்டுங்கள். மனிதர் எழுதிய பதில் வரவில்லை என்றால் அந்தச் சேவை வேண்டாம்.

பின்னால் வேறு சேவைக்கு மாறுவதாக இருந்தால் ஒவ்வொரு பாட்டுப் பதிவுக்கும் தனியாக உள்ள ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து எண்ணைக் குறித்து வையுங்கள். புதிய இடத்தில் அதே எண், அதே ஆடியோ, அதே தலைப்போடு ஏற்றி, பாட்டு வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே பழையதை இறக்குங்கள். எண் மாறினால் இதுவரை ஓடிய கணக்கு போய்விடலாம்.

உங்கள் பாட்டு மற்றவர் வீடியோவில் வந்தால் கண்டுபிடித்து உரிமை கோரும் யூட்யூப் கன்டென்ட் ஐடி பெட்டியை யோசித்து டிக் செய்யுங்கள். கடையில் வாங்கிய லூப் (தயாராகக் கிடைக்கும் இசைத் துண்டு) பாட்டில் இருந்தால் வேண்டவே வேண்டாம். அதே லூப்பை வைத்திருக்கும் இன்னொருவர் வீடியோவுக்குக் க்ளெய்ம் போகும்.

அமெரிக்கச் சேவை என்றால் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்புங்கள். இல்லாவிட்டால் அங்கிருந்து வரும் ராயல்டியில் 30 சதவீதம் வரி பிடிப்பார்கள்; இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தப்படி அது 15தான்.

வெளியீட்டுத் தேதியை மூன்று நான்கு வாரம் தள்ளி வையுங்கள். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்குப் பாட்டை அனுப்பக் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னதாகவாவது அது அங்கே போய்ச் சேர்ந்திருப்பது நல்லது. இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் இசைக்கும் வரிகளுக்குமான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் என்ற அமைப்பில் தனியாக உறுப்பினர் ஆகுங்கள். அந்த ராயல்டி டிஸ்ட்ரிப்யூட்டர் தரும் பணத்தில் சேராது.