தொடங்கினாள், பேசலானாள், பழுத்தது: வினையில் தொடக்கம் காட்டுவது எப்படி?

‘பேசினாள்’ என்றால் பேச்சு நடந்தது, அவ்வளவுதான். அது எந்தக் கணத்தில் கிளம்பியது என்று காட்ட வினையோடு இன்னொன்று சேர வேண்டும்.

படி 1: ‘அ’கரத்தில் முடியும் எச்சத்தைப் பிடியுங்கள், அதாவது ‘பேச’, ‘கேட்க’ போல இன்னொரு வினையை எதிர்பார்த்து நிற்கும் வடிவத்தை. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். எளிய வழி ஒன்று உண்டு. ‘செய்யாதே’ என்று விலக்கிச் சொல்லிப் பார்த்து, கடைசி ‘ஆதே’யை ‘அ’ ஆக்குங்கள். பேசாதே – பேச, கேட்காதே – கேட்க, வராதே – வர. நடக்காதே என்பதால் ‘நடக்கத் தொடங்கினாள்’. ‘நடத் தொடங்கினாள்’ என்று எழுதினால் அவள் வயலில் நாற்று நடுகிறாள். அது ‘நடாதே’யிலிருந்து வருவது.

படி 2: ‘தொடங்கு’ அல்லது ‘ஆரம்பி’ சேருங்கள். காலமும் விகுதியும் இந்தத் துணைவினையில்தான் ஏறும். ‘தொடங்கு’ வந்தால் ஒற்று மிகும், அதாவது நடுவில் ‘த்’ தோன்றும்: பேசத் தொடங்கினாள். பேச்சில் ‘ஆரம்பி’ இயல்பு. எழுத்தில் ‘தொடங்கு’ எடுப்பாக நிற்கும். கதை நடையில் எச்சத்தோடு ‘ல்’, ‘ஆனாள்’ சேர்த்துப் ‘பேசலானாள்’ என்போம். இதை அனுமதி தரும் ‘பேசலாம்’ உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘பேசப் போகிறாள்’ என்றால் வாயே இன்னும் திறக்கவில்லை.

படி 3: யாருக்கு நேர்கிறது என்று பாருங்கள். ‘நான் பசிக்கத் தொடங்கினேன்’ தவறு. பசி நாம் செய்யும் வேலையல்ல, நமக்கு நேர்வது; ஆகவே ‘எனக்குப் பசிக்கத் தொடங்கியது’. அதைவிட அழகு, ‘பசி எடுத்தது’. தாகமும் எடுக்கும், தூக்கம் வரும், இடுப்புவலி காணும், மழை பிடித்துக்கொள்ளும். இவற்றுக்குத் ‘தொடங்கு’ தேவையே இல்லை.

படி 4: நிலையா, செயலா என்று பிரியுங்கள். மாங்காய் ‘பழுக்கத் தொடங்கியது’ என்றால் காம்போரம் மஞ்சள் ஏறுகிறது, கடித்தால் இன்னும் புளிக்கும். ‘பழுத்துவிட்டது’ என்றால் அந்த நிலைக்குள் நுழைந்தாயிற்று. ‘பழுத்திருக்கிறது’ நுழைந்த பிறகு நீடிப்பது. ‘உட்கார்ந்தான்’ என்பதும் தானே நுழைவைச் சொல்லிவிடும். ‘தினமும் திண்ணையில் வந்து உட்காரத் தொடங்கினார்’ என்றால் அது புதிதாக ஏற்பட்ட வழக்கம்.

எதிர்மறையில் கவனம். ‘பேசத் தொடங்கவில்லை’ என்றால் பேச்சே எழவில்லை. ‘பேசாமல் இருக்கத் தொடங்கினாள்’ என்றால் இதுவரை பேசிக்கொண்டிருந்தவள் வாயை மூடிக்கொண்டாள்.