உயரம் மாறினால் செடிகள் மாறுமா? கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் செய்து பார்க்கக்கூடிய முதல் கள ஆய்வு

கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்திலும், ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்ற கணக்கின்படி, இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே இரண்டரை டிகிரி அளவுக்கு வேறுபாடு இருக்கும். ஒரே மாவட்டத்துக்குள் இப்படி இரண்டு வெப்பநிலைகள் கிடைப்பது, சூழலியல் கற்கத் தொடங்கும் மாணவருக்கு நல்ல வாய்ப்பு.

முதல் படி, கேள்வியைச் சுருக்குவது. "காலநிலை தாவரங்களைப் பாதிக்கிறதா?" என்பதற்கு ஒரு பருவத்தில் விடை காண முடியாது. "தும்பைச் செடி மேட்டு நிலத்தைவிடத் தாழ்ந்த நிலத்தில் அடர்த்தியாக வளர்கிறதா?" என்பதற்கு விடை காணலாம்.

இரண்டாம் படியான இடத்தேர்வில்தான் பெரும்பாலான ஆய்வுகள் பிழையாகின்றன. கிருஷ்ணகிரியில் ஆடுகள் மேயும் புறம்போக்கையும், ஓசூரில் வேலியிட்ட மாந்தோப்பின் ஓரத்தையும் ஒப்பிட்டால், கிடைக்கும் வேறுபாடு உயரத்தால் வந்ததா, மேய்ச்சலால் வந்ததா என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே மண், நிழல், மேய்ச்சல், பாசனம் ஆகிய நான்கும் இயன்றவரை ஒத்திருக்கும் இடங்களாக, ஒவ்வோர் ஊரிலும் குறைந்தது மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் அந்த இடத்தின் தனித்தன்மையையே ஊரின் இயல்பு என்று கொள்ள நேரிடும். நில உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையக் கூடாது.

அடுத்து, நான்கு குச்சிகளையும் கயிற்றையும் கொண்டு ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டம் அமையுங்கள். புல், சிறு செடிகளுக்கு இந்த அளவு போதும். மரங்களுக்குப் பத்து மீட்டர் பக்கம் தேவைப்படும். கட்டத்தை எங்கே விரிப்பது என்பதைக் கண் தீர்மானிக்கக் கூடாது, ஏனெனில் கண் செழிப்பான இடத்தையே நாடும். நிலத்தின் ஒரு மூலையிலிருந்து நீளவாக்கில் எத்தனை அடி, அகலவாக்கில் எத்தனை அடி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்த எண்களால் முடிவு செய்யுங்கள். வேர் கட்டத்துக்குள் இருக்கும் செடியை மட்டும் எண்ணுங்கள். கயிற்றின் மேலேயே நிற்பவற்றில், இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் உள்ளவற்றைச் சேர்த்து, மற்ற இரு பக்கங்களில் உள்ளவற்றை விட்டுவிடுங்கள்.

எடுத்துக்காட்டாக, 20 கட்டங்களில் 14-இல் தும்பை இருந்து, மொத்தம் 60 செடிகள் எண்ணப்பட்டால், அடர்த்தி சதுர மீட்டருக்கு 3 ஆகும்; தும்பை காணப்படும் கட்டங்களின் விழுக்காடு 70 ஆகும். அதே 60 செடிகளும் இரண்டு கட்டங்களில் குவிந்திருந்தால் அடர்த்தி மாறாது, விழுக்காடு 10 ஆகக் குறையும். ஆகவே இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெப்பநிலையை நிழலில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், இரு ஊர்களிலும் ஒரே நேரத்தில் அளவிடுங்கள். இவ்வாறு கிடைப்பது அன்றைய வானிலை மட்டுமே. காலநிலை என்பது வழக்கமாக 30 ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு கணிக்கப்படுகிறது.

இங்கே இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டையும், காலப்போக்கில் நிகழும் மாற்றத்தையும் பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது. உயரமும், தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்வதும் முதல்வகைக் காரணங்கள். இனி வருபவை இரண்டாம் வகை. பசிபிக் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை வலுவிழக்க வாய்ப்பு மிகுதி. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் அந்த ஆண்டுகளில் கூடுதலாகப் பெய்கிறது. 1991-இல் பிலிப்பைன்சின் பினட்டூபோ எரிமலை வெடித்தபோது, அதன் கந்தகத் துகள்கள் புவியின் சராசரி வெப்பநிலையைத் தற்காலிகமாகச் சுமார் அரை டிகிரி குறைத்தன. புவியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் ஏற்படும் மாற்றங்கள் பல்லாயிரம் ஆண்டுகளில் செயல்படுகின்றன. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420 பங்கைக் கடந்திருப்பதே இன்றைய வெப்ப உயர்வின் முதன்மைக் காரணம்.

உங்கள் அட்டவணை இந்த இரண்டாம் வகைக் கேள்விக்கும் பயன்பட வேண்டுமானால், ஒவ்வொரு கட்டத்தின் இருப்பிடத்தையும் கைப்பேசியின் ஜிபிஎஸ் எண்களோடு குறித்துவைத்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே கட்டங்களில், அதே விதிகளின்படி எண்ணுங்கள். மழை முந்திய ஆண்டையும் பிந்திய ஆண்டையும் தனியே குறிப்பிடுங்கள்.